மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? உரைபெயர்ப்பு என்னும் தனித்திறன் குறித்து



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடைபெறும் ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும், சார்?" நாமும் இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கிறோம். தாய்மொழி உயிருக்கு நிகரானது என்பது ஒன்று. தமிழ்ப்பள்ளியில் பயின்று மருத்துவரானோர், வழக்கறிஞரானோர், பொறியியலாளரானோர் பட்டியல் மற்றொன்று. இரண்டுமே கேட்ட கேள்விக்கு விடையல்ல. முதலாவது, வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டாவதோ, தமிழ் படித்தும்கூட முன்னேறலாம் என்று சொல்கிறது. தமிழ் படித்ததனாலேயே ஒருவர் செய்யக்கூடிய தொழில் எது என்பதுதானே அந்தப் பெற்றோர் கேட்டது?

அப்படி ஒரு தொழில் இருக்கிறது. நம் கண்முன்னே இருந்தும் நாம் அதைத் தொழிலாகவே கருதுவதில்லை. உரைபெயர்ப்பு என்பதே அது. எழுத்தில் உள்ளதை மாற்றினால் மொழிபெயர்ப்பு. வாயால் பேசுவதை உடனுக்குடன் மாற்றினால் உரைபெயர்ப்பு. மலாய்மொழியில் முன்னவரைப் 'பெந்தெர்ஜெமா' என்றும் பின்னவரை 'ஜூருபஹாசா' என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். நாம்தான் இருவரையும் 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். சொல்லில் வேறுபாடு இல்லாத இடத்தில் சிந்தனையிலும் வேறுபாடு மங்கிவிடும் போலும்!

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு பிற்பகல் நடந்து பாருங்கள். புடவைக்கடைப் பணியாளர் ஒருவரே மலாய்ப் பெண்மணியிடம் மலாயிலும், தமிழ்நாட்டிலிருந்து வந்த சுற்றுப்பயணியிடம் தமிழிலும், ஆப்பிரிக்கர் ஒருவரிடம் ஆங்கிலத்திலும் விலை பேசுகிறார். பூமாலைக் கடைகளிலும் நாணய மாற்றுக் கடைகளிலும் இதே காட்சிதான். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1863-ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரையே அந்தச் சாலை தாங்கி நிற்கிறது. வெள்ளிக்கிழமைப் பேருரை அங்கே தமிழில் நிகழ்த்தப்படுவதை அறிந்தோர் பலர். அந்தச் சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஜாலான் முன்ஷி அப்துல்லா இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நாள்தோறும் கடந்து செல்லும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு முன்ஷி அப்துல்லா தமிழ் கற்றவர் என்பது தெரியும்?

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர், 1854-இல் மறைந்தவர். அரபு, தமிழ்க் குருதி கலந்த குடும்பம் அவருடையது. சிறுவயதில் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். மலாக்காவில் கணக்கும் வணிகமும் தமிழில் நடந்ததால், வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அங்கு வழக்கமாக இருந்ததைத் தம் வரலாற்று நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அவர் ராபிள்ஸ் போன்றோருக்கு எழுத்தராகவும் மொழி ஆசானாகவும் விளங்கினார். ஆக, இந்நாட்டில் தமிழும் மலாயும் சேர்ந்து தெரிந்திருப்பது ஒரு காலத்தில் பிழைப்புக்கு வழியாகவும் பெருமைக்கு உரியதாகவும் இருந்திருக்கிறது. இன்று நாம் அதை வெறும் இயல்பு என்று ஒதுக்கிவிட்டோம். மீனுக்கு நீந்தத் தெரிவதைப் பாராட்டுவார் உண்டோ என்பது நம் எண்ணம்.

ஆனால் கடையில் நடப்பது வேறு, நீதிமன்றத்தில் நடப்பது வேறு. கடையில் சொல் பிசகினால் பத்து ரிங்கிட் நட்டம். நீதிமன்றத்தில் பிசகினால்?

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்படுமானால் அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது. கருணையாகச் செய்வதன்று இது. சட்டம் வழங்கும் உரிமை. அந்த உரிமை ஒரு மனிதரின் நாவை நம்பி நிற்கிறது. அவர் தமிழர் என்பதால் தமிழ் தெரியும், அரசுப்பள்ளியில் பயின்றதால் மலாய் தெரியும், ஆகவே உரைபெயர்க்கவும் தெரியும் என்று முடிவு கட்டுவது, கத்தி பிடிக்கத் தெரிந்தவரை அறுவை சிகிச்சை செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். "அந்தப் பையை அண்ணன்தான் கொடுத்தார்" என்கிறான் ஓர் இளைஞன். நம் வழக்கில் 'அண்ணன்' என்றால் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், வட்டாரத்தில் மூத்த எவராகவும் இருக்கலாம். மலாயில் 'அபாங்' என்று பெயர்த்தால் அந்த நெகிழ்வு ஓரளவு தங்கிவிடும். ஆங்கிலத்தில் 'மூத்த சகோதரர்' என்று பெயர்த்தாலோ, ஒரு பாவமும் அறியாத உடன்பிறப்பு வழக்கிற்குள் இழுக்கப்படுவார். "நாங்கள் கொண்டு போனோம்", "நாம் கொண்டு போனோம்" என்னும் இரண்டிற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். மலாயில் 'காமி', 'கீத்தா' என்று நம்மைப் போலவே இரண்டு சொற்கள் உண்டு. கூட்டுச்சதி வழக்கில் கேட்பவரும் அந்தச் செயலில் சேர்க்கப்பட்டாரா இல்லையா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு!

"நீ அங்கே போகவில்லையா?" என்று கேட்டால், போகாதவர் தமிழில் "ஆமாம்" என்பார், 'ஆமாம், போகவில்லை' என்பது பொருள். ஆங்கிலத்தில் அதே மனிதர் "இல்லை" என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் ஆங்கிலத்தில் இப்படி எதிர்மறையாக வினவும்போது, உரைபெயர்ப்பாளர் அந்த ஒற்றை "ஆமாம்" என்பதை அப்படியே தூக்கிக் கொடுத்தால், போகாதவர் போனவராகிவிடுவார்.

போதைப்பொருள் வழக்கை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி, 15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சா ஒருவரிடம் இருந்தாலே அவர் அதைக் கடத்துபவர் என்னும் அனுமானம் எழுகிறது. 39பி பிரிவின் கீழ் மரண தண்டனை கட்டாயமாக இருந்த நிலை 2018 மார்ச் மாதம் சற்றே தளர்ந்தது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4 அன்று நடைமுறைக்கு வந்தது. தண்டனையைத் தீர்மானிப்பது இப்போது நீதிபதியின் விருப்புரிமை. ஆனால் மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது.

இத்தகைய வழக்கில் இரண்டு வல்லுநர்கள் தேவைப்படுகிறார்கள். ஒருவர் மலேசிய இரசாயன இலாகாவின் இரசாயன ஆய்வாளர். பிடிபட்ட பொருள் எது, அதில் தூய போதைப்பொருள் எத்தனை கிராம் என்பதை அவர்தான் சொல்கிறார். அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், கண் விரியக் கேட்பார்கள். முதலில் நிறச்சோதனை. மார்க்விஸ் என்னும் வினைபொருளைச் சொட்டினால் அபின் வகைப் பொருள்கள் ஊதா நிறம் காட்டும். ஆயினும் அந்த நிறத்தை மட்டும் நம்பி எந்த ஆய்வாளரும் கையொப்பமிட மாட்டார். வேறு பொருள்களும் அந்த வினைபொருளுடன் சேர்ந்து நிறம் மாறக்கூடும். ஆகவே வாயு நிறப்பிரிகை, பொருண்மை நிறமாலை ஆகியவற்றால் மூலக்கூற்றை உறுதி செய்கிறார். பொட்டலத்தின் மொத்த எடை வேறு, அதிலுள்ள தூய ஹெராயினின் எடை வேறு. ஒருவரின் கழுத்து தப்புவதும் தப்பாததும் பின்னதைப் பொறுத்தது. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, உறை எப்போது முத்திரையிடப்பட்டது என்பதும் பதிவாக வேண்டும்.

மற்றொரு வல்லுநர், இவ்வளவையும் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்லப் போகிறவர். 'மொத்த எடை', 'நிகர எடை', 'மாதிரி', 'முத்திரை', 'தூய்மை விழுக்காடு' ஆகியவற்றின் பொருள் அவருக்கே தெளிவில்லை என்றால் என்ன சொல்வார்? "என்னமோ டெஸ்ட் பண்ணாங்களாம், போதைப்பொருள்தான்னு சொல்றாங்க" என்று சுருக்கிவிடுவார். முதல் வல்லுநர் நிறத்தை நம்பாமல் மூலக்கூறு வரை சென்றார். இரண்டாமவர் நிறத்தோடு நின்றுவிட்டார். முன்னவரின் பணிக்கு 1975-ஆம் ஆண்டு இரசாயனர் சட்டம் இருக்கிறது, பட்டமும் தொழிற்கழக உறுப்பியமும் கேட்கப்படுகின்றன. பின்னவரிடம் அத்தகைய தகுதியைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

இது கற்பனைக் கவலையன்று. அண்டை நாடான சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்பவர் 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தத் துணைபோனார் என்பது வழக்கு. காவல்துறையினர் வாக்குமூலம் பதிவு செய்தபோது தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்டதாகவும், அது கிடைக்கவில்லை என்றும் அவர் கூறினார். குறுக்கு விசாரணையின்போதுதான் இதை முதன்முதலாகச் சொன்னார் என்பது அரசாங்கத்தின் விளக்கம்; நீதிபதியும் அவர் கூற்றை நம்பவில்லை. எவர் பக்கம் உண்மை என்று தீர்ப்பளிக்க நான் யார்? நான் கவனிப்பது வேறொன்று. ஓர் உயிர் போகும் வழக்கில், தமிழ் உரைபெயர்ப்பாளர் இருந்தாரா இல்லையா என்பது வாதப்பொருளாகும் நிலையே இருந்திருக்கக் கூடாது. முதல் வாக்குமூலத்தின்போதே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், தேர்ச்சி பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்குத் தேர்ச்சி பெற்றவர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நம் வகுப்பறைகளிலிருந்துதானே!

மருத்துவமனைக்கு வருவோம். 1980-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வில்லி ராமிரெஸ் என்னும் 18 வயது இளைஞர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்பானிய மொழி பேசும் குடும்பம் அவருடையது. குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாடோ' என்றனர். உண்டது ஏதோ உடம்புக்கு ஒவ்வாமல் போயிற்று என்பது கியூபா வழக்கில் அதன் பொருள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல்லுக்குப் போதையில் இருப்பவர் என்று பொருள். தேர்ச்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. போதைப்பொருள் மிகுதியாக உட்கொண்டவர் எனக் கருதியே சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. கண்டறிவதற்குள் கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. பின்னர் எட்டப்பட்ட இழப்பீட்டு உடன்பாடு, அவர் ஆயுள் முழுமைக்கும் கணக்கிட்டால், சுமார் 7 கோடியே 10 இலட்சம் டாலராகும் என்கிறார்கள். ஒரே ஒரு சொல்!

நம்மிடம் அப்படிப்பட்ட சொல் இல்லையா? இருக்கிறது. "மருந்து குடித்துவிட்டான்" என்று ஒரு தாய் அலறுகிறாள். இதைக் கேட்கும் தமிழர் எவருக்கும் நெஞ்சம் பதறும். அது நஞ்சு, பெரும்பாலும் பூச்சிக்கொல்லி அல்லது களைக்கொல்லி. இதையே "டியா மினும் ஊபாட்" என்று சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்தால், முகப்பிடத்தில் இருப்பவர் "எந்த மருந்து, எத்தனை மணிக்கு?" என்று அமைதியாகப் படிவத்தை நிரப்பத் தொடங்குவார். தோட்டப்புறங்களில் பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்தவர்களில் நம் தாய்மார்களே மிகுதி. 2002-இல் தெனாகானித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை அவர்களுடைய நோய்களைப் பேசியது. பாராகுவாட் இந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி முதல் நாளில்தான். அத்தனை ஆண்டுகளில் "மூக்கில் இரத்தம் வருது, நகம் கறுத்துப்போச்சு" என்று தமிழில் சொன்ன எத்தனை சொற்கள் மருத்துவக் குறிப்பேட்டைச் சென்று சேராமலே போயினவோ!

தமிழுக்குள்ளேயே மற்றொரு சிக்கலும் உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவர் "எனக்கு வருத்தம்" என்றால் உடல்நலம் இல்லை என்று பொருள். நம் பிள்ளையோ அதை மனத்துயரம் என்று எடுத்துக்கொள்வான். தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பணிபுரிய வந்தவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்றால் சற்று விழிப்பார். மஸ்ஜித் இந்தியாவில் இந்த மூன்று தமிழும் ஒரே நடைபாதையில் நடமாடுகின்றன. தேர்வுக்கான இலக்கியத் தமிழை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, பேச்சு வழக்குகளை 'கொச்சை' என்று நாம் விலக்குகிறோமே, அது ஒரு வகையில் பிள்ளைகளின் காதைச் செவிடாக்கும் வேலையாகும். இதை ஏற்காத ஆசிரிய நண்பர்கள் இருக்கலாம். எழுத்தில் தூய்மை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கேட்கும் காதிற்கோ எல்லா வழக்கும் வேண்டும்.

இதே இடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது பத்து வயதுப் பேரனை உரைபெயர்ப்பாளராக்கி உட்கார வைக்காதீர்கள். "பிள்ளை நன்றாக மலாய் பேசுவான்" என்ற பெருமை புரிகிறது. புற்றுநோய் என்னும் செய்தியைத் தன் பாட்டியிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு சிறுவன் ஆளாவது கொடுமை. கருப்பை, மலச்சிக்கல், சிறுநீர் என்றெல்லாம் பேரனிடம் சொல்லக் கூசும் பாட்டி பாதியை மறைத்துவிடுவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உலகத்தார் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் 1978-இலேயே நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் சட்டம் வந்தது. அதன் பயனாக 1980 முதல் ஸ்பானிய மொழிக்குச் சான்றிதழ்த் தேர்வு நடத்தப்படுகிறது. பிறப்பிலிருந்தே இரு மொழியும் பேசுவோர் பலர் அத்தேர்வில் தோற்பது வழக்கம். ஆஸ்திரேலியாவில் 1977 முதல் இயங்கும் நாட்டி அமைப்பு உரைபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கிறது. அதன் தேர்வுமொழிகளில் தமிழும் ஒன்று. இங்கிலாந்திலும் பொதுச்சேவை உரைபெயர்ப்புக்கெனத் தனிப் பட்டயம் உண்டு. எதிரே இருப்பவர் சொல்வதை 'நான்' என்று தன்மையிலேயே பெயர்க்க வேண்டும். 'இவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக்கூடாது. கூட்டவோ குறைக்கவோ, அறிவுரை சொல்லவோ கூடாது. புரியாவிட்டால் மீண்டும் கேட்க வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. நீண்ட பேச்சைக் குறியீடுகளால் குறிப்பெடுக்க வேண்டும். இவை எல்லாம் பயிற்சியால் மட்டுமே வருபவை. குறிப்பாக, நம்மவர்க்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது மிகவும் கடினம்!

ஸ்பானிய மொழியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் இளங்கலைப் பட்டத்திற்கு உரிய மொழிகளின் வரிசையில் ஸ்பானிய மொழி இருக்கிறது. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. நம் பிள்ளை ஸ்பானிய மொழி படிக்கப் போகிறான் என்றால் ஊரே வியக்கும், தமிழ் படிக்கப் போகிறான் என்றால் "வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்கும். அதே பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளார் ஸ்பானியம், போர்த்துகீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். அந்த மொழியறிவு அலங்காரமாக இருக்கவில்லை. 1679-இல் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியைக் கண்டெடுத்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். முதலாம் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்த ஆண்டும் அதுவே. தமிழோடு வேறொரு திறனும் ஆழமாகச் சேரும்போது இப்படிப்பட்ட விளைச்சல் கிடைக்கிறது. தமிழோடு இரசாயனம் சேரட்டும், தமிழோடு சட்டம் சேரட்டும், ஏன், தமிழோடு ஸ்பானிய மொழியும் சேரட்டுமே!

ஆனால் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். உரைபெயர்ப்பாளருக்கு இரண்டு கால்களும் வலுவாக இருக்க வேண்டும். மலாய்மொழியில் தடுமாறிப் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கும் பிள்ளையால் இத்தொழிலுக்கு வர இயலாது. தமிழை வளர்ப்பது என்றால் மலாயைத் தள்ளி வைப்பது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். நம் பள்ளிகளில் மலாய்மொழி கற்பிக்கும் ஆசிரியரும் தமிழுக்குத்தான் தொண்டு செய்கிறார் என்பது என் கருத்து.

அறிவியலும் அப்படியே. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2011 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. இந்த மாற்றத்தில் கட்சி பிரிந்து வாதிட்டோம். கலைச்சொற்களை மூன்று மொழிகளிலும் ஒரே பக்கத்தில் எழுதி மாணவர் கையில் கொடுப்பதை மட்டும் மறந்தோம். 'கரைசல்', 'லாருத்தான்' என்னும் இரண்டும் ஒன்றே என்பதை ஆறாம் ஆண்டிலேயே அறிந்த பிள்ளை, படிவம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் திகைத்து நிற்காது. அப்பக்கத்தை அச்சிட அமைச்சின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. மூன்று மாணவர்களை முன்னே நிறுத்துங்கள். ஒருவர் மலாய் மட்டுமே தெரிந்த மருத்துவர், ஒருவர் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி, நடுவில் இருப்பவர் உரைபெயர்ப்பாளர். "நெஞ்சு கரிக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று நோயாளி சொல்லட்டும். நடுவில் இருப்பவர் 'நான்' என்றே பேச வேண்டும், எதையும் விடக்கூடாது. மற்ற மாணவர்கள் விடுபட்டதைக் குறித்துக்கொள்வார்கள். வகுப்பில் இதைச் செய்யும்போது, எப்போதும் கைதூக்கும் பிள்ளைகள் தடுமாறுவதையும், பின்வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளை ஒன்று பிசகாமல் சொல்லிவிடுவதையும் காண்கிறேன். கவனித்துக் கேட்பவர்களுக்கு உரிய கலை போலும் இது.

அடுத்த தொழில் வழிகாட்டி நாளில், மருத்துவரையும் பொறியியலாளரையும் அழைக்கும்போது, நீதிமன்றத்தில் பணியாற்றும் தமிழ் ஜூருபஹாசா ஒருவரையும் இரசாயன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்திப் பேச விடலாமே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழிய எண்ணியிருக்கிறேன். அதற்கு முன்பாக, உங்கள் வீட்டிலோ வட்டாரத்திலோ மருத்துவரிடம் சொல்லப்படும் தமிழ்ச் சொற்கள், 'வாயு', 'சூடு', 'மயக்கம்', 'உளைச்சல்' என்பன போன்றவை, அவற்றிற்கு நீங்கள் பயன்படுத்தும் மலாய்ச் சொற்களோடு எழுதி அனுப்பினால் தொகுத்துக்கொள்வேன். 'மயக்கம்' என்னும் சொல்லுக்கு மட்டும், 'பெனிங்' என்பதா 'பெங்சான்' என்பதா என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் வாதம் முடியவில்லை.